சாரையின் சட்டை

"ஒரு வருஷம் ஆச்சு அம்மா. தலையை மழிச்சாச்சு, காவி கட்டியாச்சு. இந்தக் கோபம் மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு."

சொன்ன பூவலிங்கத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு சடையம்மாளுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. கஞ்சியில் உப்பு கூடிப்போச்சு என்று அன்று காலைதான் மடத்துச் சமையல்காரர் வீரணன்மேல் கை ஓங்கியிருந்தார் மனுஷர்.

அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் அவர் மகளுக்குக் கல்யாணம். "கை ஓங்காத அப்பாவா வந்தா வாங்க. இல்லேன்னா வேணாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அதுக்குள்ள என்னை உரிச்சுப் போடுங்க அம்மா. எவ்வளவு வலிச்சாலும் சரி."

சடையம்மாள் அவரை மடத்துக்குப் பின்னாலிருந்த பாறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சாரைப்பாம்பு அசையாமல் கிடந்தது. கண் இரண்டும் பால் பூத்திருந்தன.

"குருடா அம்மா?"

"சட்டை கழட்டப் போகுது. பாம்புக்கு இமை கிடையாது. கண்மேலயும் ஒரு செதில்தான். அதுவும் சேர்ந்துதான் கழலும்."

"நான் உரிச்சு விடறேனே!"

சொல்லி வாய் மூடவில்லை, குனிந்து வால் பக்கம் நகத்தை வைத்துவிட்டார். அவசரக்குடுக்கை! ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதிலில் நகம் மாட்டிக் கிழித்தது. அடியில் ரத்தம் கசிந்தது. பாம்பு துடித்துப் பொந்துக்குள் ஓடிவிட்டது.

பூவலிங்கம் தன் நகத்தைப் பார்த்தார். "ஐயோ! ஏம்மா ரத்தம்?"

"அடியில புதுத்தோல் இன்னும் வளர்ந்து முடியலை."

"நான் என்னதான் செய்யணும்?"

"உட்காருங்க."

உட்கார்ந்தார். தினமும் விடிந்ததும் வந்து, விடாப்பிடியாக உட்கார்ந்தார். ஆறாம் நாள் பாம்பு தலை நீட்டியது. கண் தெளிந்திருந்தது.

எட்டாம் நாள் அது வெளியே வந்து உதட்டைப் பாறையில் தேய்த்தது. வாயோரம் சட்டை விட்டது. கழற்றுகிற பனியன் மாதிரி உள்புறம் வெளியே புரண்டு வந்தது. வால் பக்கம், அவர் கிழித்த இடத்தில், மாட்டிக்கொண்டது. பாம்பு திணறியது.

பின்னால் நின்ற வீரணன் சிரித்தார். "என்ன சாமி, கை துறுதுறுங்குதா? அன்னைக்குக் கிழிச்சது போதாதா?"

பூவலிங்கம் திரும்பவில்லை. பாம்பு தேய்த்தது. மறுபடி தேய்த்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது சட்டை முழுசாகக் கழன்று கல்லில் கிடந்தது.

மடத்துப் பின்வாசலிலிருந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சடையம்மாள் வந்தாள்.

"நாளைக்குக் கல்யாணம் அம்மா." பூவலிங்கம் கழன்ற சட்டையைக் காட்டினார். "நான் இன்னும் அப்படியேதானே இருக்கேன்."

"வீரணன் சிரிச்சப்போ உங்க கை எங்க இருந்தது?"

குனிந்து பார்த்தார். இரண்டும் மடியில் கிடந்தன.

"ரெண்டு மணிக்கு பஸ் இருக்கு" என்றாள் சடையம்மாள்.