மே மாதத்துக் குட்டி

அநியாயம் நடந்தது ஒரு கறுப்புப் பெண்குட்டிக்கு. மே மாதக் கடைசியில் பிறந்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். அந்த நாட்டில் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஒரே பிறந்தநாள், ஜனவரி ஒன்று. பனியில் பிறந்ததும் வெயிலில் பிறந்ததும் அன்றைக்கு ஒரே வயது.

பிரான்சின் மேற்கே ஒரு சின்ன ஊர்ப் பந்தயத் திடல். அக்டோபர் வந்தால் சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் குதிரைக் குட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். குட்டிகளைத் தேர்ந்தெடுக்கிற ஒதில் அம்மையார் அவற்றை ஓடவிட்டுப் பார்ப்பார். ‘வேண்டும்’ என்றால் குட்டி பெரிய பயிற்சிக் கொட்டிலுக்குப் போகும். ‘வேண்டாம்’ என்றால் அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசமாட்டார்கள்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. கறுப்புக் குட்டி எல்லாவற்றுக்கும் கடைசியாக ஓடிவந்தாள். வாயெல்லாம் நுரை. அம்மையார் குனிந்து அவள் முழங்காலைத் தடவிப் பார்த்தார்.

“வேண்டாம்.”

அவரிடம் தொழில் பழக வந்திருந்த சோலேனுக்குச் சுருக்கென்றது. கால்நடை மருத்துவம் படிக்கிறவள். எதையும் கேட்காமல் விட்டுப் பழக்கமில்லை.

“ஏன் மதாம்?”

“எலும்பு இன்னும் பச்சை.”

“பச்சையாகத்தானே இருக்கும்? முதலில் வந்தவன் ஜனவரியில் பிறந்தவன். இவள் ஐந்து மாதம் சின்னவள். தவழுகிற பிள்ளையை நடக்கிற பிள்ளையோடு ஓடவிட்டு, நீ தோற்றுவிட்டாய் என்பீர்களா?”

“கணக்குப்படி இரண்டுக்கும் ஒரே வயது.”

“கணக்கு யார் போட்டது?”

“பந்தயச் சங்கம். ஜனவரியில் கூடுவார்கள். தொழிலில் இருக்கிற யாரும் எழுந்து பேசலாம். அங்கே வந்து சொல்.”

“ஜனவரிவரைக்கும் இவளை யார் வைத்திருப்பார்கள்?” சோலேன், குட்டியைப் பிடித்திருந்த விவசாயியிடம் திரும்பினாள். “நீங்கள் வைத்திருப்பீர்களா?”

அவர் தரையைப் பார்த்தார். “தீனி விற்கிற விலை தெரியாதா உங்களுக்கு? கறிக்கடைக்காரர் லாரியோடு வாசலில்தான் நிற்கிறார்.”

“கேட்டீர்களா மதாம்? உங்கள் ஒரு வார்த்தை இவளைக் கொன்றுவிடும். இவள் தோற்கவில்லை, ஒரு தேதி இவளைத் தோற்கடித்தது. நான் சொல்வதில் எங்கே தப்பு, காட்டுங்கள்.”

அம்மையார் குட்டியின் கழுத்தில் கை வைத்தபடி நின்றார்.

“தப்பில்லை. நீ சொல்வது சரிதான்,” என்றார். பிறகு விவசாயியிடம், “வேண்டும். கொட்டிலுக்கு அனுப்புங்கள்.”

அன்று மாலை சோலேன் தோழிகளுக்கு இந்தக் கதையைச் சொன்னாள். மதாமின் முகம் போன போக்கை நடித்தும் காட்டினாள். “பாவம் அந்த மதாம், உன்னைப் பழக்குவதற்கு நான்கு குதிரைகளைப் பழக்கலாம்,” என்று சிரித்தார்கள். மறுநாள் வகுப்புகள் தொடங்கின. ஜனவரியிலும் வகுப்புகள் இருந்தன.

ஏப்ரலில் அதே திடலில், இரண்டு வயதுக் குதிரைகளின் முதல் பந்தயம். கறுப்புக் குட்டியும் வரிசையில் நின்றாள். நிஜத்தில் அவளுக்கு இரண்டு வயது ஆக இன்னும் ஒரு மாதம் பாக்கி. முதுகில் ஆள், மற்றவர்களுக்கு ஏற்றிய அதே எடை. வளைவில் முன்கால் முறிந்தது. முறிந்த சத்தம் வேலிவரை கேட்டது. பச்சைத் திரையைக் கொண்டுவந்து அவளைச் சுற்றிப் பிடித்தார்கள். மருத்துவர் ஊசியோடு உள்ளே போனார். திரையைச் சுருட்டியதும் அடுத்த பந்தயத்துக்கு மணி அடித்தது.

எல்லோரும் போன பிறகும் சோலேன் வேலியோரமாகவே நின்றாள். அம்மையார் வந்து பக்கத்தில் நின்றார்.

“நீங்கள் வேண்டாம் என்றபோதே நான் வாயை மூடியிருக்க வேண்டும்.”

“மூடியிருந்தால் அக்டோபரிலேயே கறிக்கடை.”

“அப்படியென்றால் என் வாதம் சரியா, தப்பா?”

“சரி. அன்றைக்கே சொன்னேனே.”

“பிறகு எப்படி இப்படி ஆயிற்று? ஏதாவது சொல்லுங்கள் மதாம். திட்டவாவது செய்யுங்கள்.”

அம்மையார் மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

“எனக்குப் பேச வராது. ஜனவரியில் சங்கம் கூடியபோது, பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்து, சாயங்காலம்வரை அதில் யாரையும் உட்காரவிடவில்லை.”