எந்த நாய்?

ஆற்றங்கரை மடத்துக்கு வருகிறவர்கள் அம்மையிடம் பிறவி, வினை, விடுதலை என்று கேட்பார்கள். நல்லபெருமாள் அண்ணாச்சி மட்டும் இங்கிலீஷில் எங்கே ‘எ’ போடுவது, எங்கே ‘தி’ போடுவது என்று கேட்பார்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்று, மடமே கதி என்று வந்து சேர்ந்தவர். அம்மையைவிட இருபது வயது மூத்த சீடர். துறவுக்கு முன்னால் அம்மை கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தியவர் என்பதை யாரோ ஒரு புண்ணியவான் அவர் காதில் போட்டுவைத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி.

தியானத்துக்குக் கண்ணை மூடினால் பக்கத்தில் தொண்டையைச் செருமுவார்.

“அம்மா, சூரியன் ஒண்ணுதான். அதுக்கு ‘தி’ உண்டு. சரி. கடவுளும் ஒண்ணுதானே? அவருக்கு ஏன் இல்ல?”

“கண்ண மூடுங்க அண்ணாச்சி.”

“மூடிட்டேன். எந்த ஊரு ஆத்துக்கும் ‘தி’ போடுதான். ஊருக்குப் போடமாட்டேங்கான். என்ன நியாயம் இது?”

கேட்கிறவருக்குத் தெரிந்ததைச் சொன்னால் ‘தி’, தெரியாததை முதன்முதலாகச் சொன்னால் ‘எ’. இதைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி சரியாகிவிடும் என்று அம்மையும் நூறு தடவை சொல்லியாயிற்று. அண்ணாச்சி பவ்யமாகத் தலையாட்டுவார். மறுநாள் ஒரு விதிவிலக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். கோபத்தை வெல்வது எப்படி என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் அம்மை, அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பல்லைக் கடிக்க ஆரம்பித்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மை சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டது.

“அம்மா, ஒரு சின்ன சந்தேகம்.”

அம்மை அரிவாள்மணையைச் சாய்த்துவைத்தார். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த இழவு?”

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது.

“கனடாவுல பேத்தி இருக்காம்மா. மிளிர்னு பேரு. ஆறு வயசு. தமிழ் வராது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மகன் போன் போட்டுக் குடுப்பான். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல ஏதாவது பேசுவேன். போன மாசம் ஒரு நாயைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். ‘தி டாக்’னு சொன்னதுதான் தாமசம், ‘விச் டாக், தாத்தா?’ன்னு குறுக்க கேட்டுட்டா.”

“அப்புறம்?”

“‘எ’ போடவேண்டிய இடத்துல ‘தி’ போட்டுட்டேன்னு குத்திக்காட்டுதா. ஆறு வயசுப் பிள்ளை என்னைய மட்டந்தட்டுதா. சுருக்குன்னு ஆயிருச்சு. ‘பெரியவங்களைத் திருத்தாதே’ன்னு தமிழ்ல கத்திட்டு வச்சிட்டேன். வார்த்தை புரியாட்டாலும் சத்தம் புரிஞ்சிருக்கும்லா? அதுக்கப்புறம் போன்ல வரவே மாட்டேங்கா. இன்னைக்கு மகன் கூப்பிடுவான். தப்பில்லாம ஒரு நாலு வார்த்தை பேசினா வருவாளோ என்னமோ.”

அம்மை வெட்டிய துண்டுகளைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டார்.

“சரி, சொல்லித்தாரேன். அதுக்கு முந்தி, அவரு வந்திருக்காருல்லா, அவருகிட்ட அதைக் குடுத்துட்டு வந்திருங்க.”

எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர் அண்ணாச்சி. விறுவிறுவென்று கிளம்பிவிட்டார். வாசல்படியில் கால் வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்தார்.

“எவருகிட்டம்மா? எதை?”

“என்ன அண்ணாச்சி, என்னையவே திருத்துதீங்களா?” அம்மையின் குரல் கூரைக்குப் போயிற்று. “காலேஜ்ல பாடம் நடத்துனவ நான்!”

அண்ணாச்சி இரண்டு கையையும் கூப்பினார். “ஐயையோ, நான் போய் உங்களைத் திருத்துவனாம்மா? தெரியாமத்தான் கேட்டேன். நீங்க சொன்னாத்தானே மேக்கொண்டு ஆகவேண்டியதைப் பாக்க முடியும்?”

அம்மை அரிவாள்மணையை மறுபடி நிமிர்த்தி, அடுத்த கீற்றை எடுத்தார். பாதி நறுக்கியதும், தலை நிமிராமலே கேட்டார்.

“எந்த நாய் அண்ணாச்சி?”

“அதுவாம்மா? கறுப்பு நாய். ஒத்தக் காது மடிஞ்சிருக்கும். வளத்ததெல்லாம் இல்ல, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிட்டது. நான் எந்தக் கம்பத்துல ஏறினாலும் அடியில உக்காந்து அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கும். நான் இறங்குறவரை பக்கத்துல ஒருத்தரை அண்டவிடாது. ஒருநா மழையில...”

அண்ணாச்சியின் கை தன்னால் உயர்ந்து, கம்பத்தின் உயரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

அம்மை கையிலிருந்த பூசணிக்காயைப் பாத்திரத்தில் பொத்தென்று போட்டார்.

“எங்கிட்ட எதுக்குய்யா சொல்லுதீங்க? கேட்டது அவ.”