குளிப்பாட்டிய குண்டு

கஞ்சியும் கர்லாக்கட்டையுமாக மாயாண்டி வாத்தியார் பிள்ளைகளைத் தேற்றிவந்த மல்யுத்தக் கோதாவின் மேல், லேகியம் விற்கும் பயில்வான் ஒருவன் கண் வைத்தான். இருநூறு ராத்தல் இரும்பு என்று ஒரு குண்டைத் தூக்கிக் காட்டி, "உங்க ஆள் ஒருத்தன் இதைத் தூக்கட்டும். இல்லேன்னா கோதா எனக்கு" என்றான். கோதா நிலத்துக்குச் சொந்தக்காரரான ஜமீன்தாரும் தலையாட்டினார்.

வாத்தியார் சோற்றில் வளர்ந்து, கோதா மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த செவத்தையன் முன்னே வந்தான்.

"தூக்குறேனுங்க. ஆனா எங்க கோதாவுல எதையும் குளிப்பாட்டிப் பொட்டு வச்சுத்தான் தூக்குவோம்."

"குளிப்பாட்டுடா, சோப்பும் போடு!" என்று ஜமீன்தார் சிரித்தார்.

பயில்வான் பாய்ந்து வருவதற்குள் செவத்தையன் குண்டைக் காலாலேயே உருட்டிப் பக்கத்துக் குளத்தில் விட்டான். அது பூசணிக்காய் மாதிரி மிதந்தது. பயில்வான் லேகியப் பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடினான்.

"கோதாவைக் காப்பாத்திட்டியேடா!" வாத்தியார் கண் கலங்கிக் கும்பிட்டார்.

"என்னை எதுக்குக் கும்பிடுறீங்க வாத்தியாரே? குண்டைக் கும்பிடுங்க. மூழ்காம நம்ம மானத்தைக் காப்பாத்தினது அதுதானே!"