பந்தியில் நின்ற கை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தால் என் மீசை இப்போதே உதிர்ந்து விழட்டும். பார்த்துக்கொள்ளுங்கள், இருக்கிறது அல்லவா? அப்புறமென்ன.

மலையடிவாரத்தில் பூரணத்தம்மாள் என்று ஒரு வைத்தியக்காரி இருந்தாள். முடங்கிப்போன கைகளை மறுபடி வேலைக்குப் பழக்குவது அவள் தொழில். அவள் தினமும் பார்த்த பார்வையிலேயே வாசல் வேப்பமரத்தின் கோணல் கிளை நிமிர்ந்துவிட்டது. அதில் நான் துண்டு காயப்போட்டிருக்கிறேன்.

அவளுக்குச் சீடராக வந்து சேர்ந்தவர் வைரவநாதன். குருவைவிட வயதில் மூத்தவர். லாரி ஓட்டி ஓய்ந்தவர். இளகிய மனசு. யாராவது சிரமப்பட்டால் அவர் கை தானாக நீளும்.

அவர் பொறுப்பில் விடப்பட்டவர் பருத்தித் தரகர் கோட்டைச்சாமி. புல்லட்டிலிருந்து விழுந்து வலது முழங்கை நொறுங்கியது. எலும்பு கூடியது, கை பழையபடி வரவில்லை. சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். பெற்ற மகளைக்கூட அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்.

அந்த மகளுக்குத்தான் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். தை பிறந்ததும் சம்பந்தி விருந்து.

"வைரவநாதா, சம்பந்தி பக்கத்துல உட்கார்ந்து என் கையால நான் சாப்பிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"சாப்பிடுறதா? மறுசோறு கேட்பீங்க அண்ணாச்சி!"

பயிற்சி தொடங்கியது. முதல் நாள் கோட்டைச்சாமியின் கை இலையைவிட்டுக் கிளம்பி நடுங்கியது. அவர் முகம் கோணியது. வைரவநாதனுக்குத் தாங்கவில்லை. இரண்டு விரலை அவர் முன்கைக்கு அடியில் கொடுத்தார்.

"சும்மா ஒரு துணைக்கு."

கை வாய்க்குப் போனது. இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. மறுநாள் கை கிளம்பும் முன்பே விரல்கள் போய்க் காத்திருந்தன.

பூரணத்தம்மாள் அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"வைரவண்ணே, இவரு கை எந்த இடத்துல நிக்குது?"

"எங்கேயும் நிக்கலைம்மா. ரோடு போட்ட மாதிரி ஓடுது!"

"விரலை எடுத்துட்டுப் பாருங்க."

"நாளைக்கு எடுத்துடுறேம்மா."

அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. தைதான் வந்தது.

விருந்தன்று கோட்டைச்சாமி பட்டுக்கரை வேட்டியில், சம்பந்தியின் இடப்பக்கம், பந்திப்பாயில் உட்கார்ந்தார். வைரவநாதன் பாயசவாளியோடு தூணருகே நின்றார். பார்க்கப்போனால் மாப்பிள்ளைத் தோழனைவிட அவர் நெஞ்சுதான் அதிகம் நிமிர்ந்திருந்தது.

கோட்டைச்சாமி சோற்றைப் பிசைந்தார். அள்ளினார். கை கிளம்பியது.

பாதி வழியில் நின்றது.

அவர் தோளைத் தூக்கினார். முழங்கை கோழி இறக்கைபோல விரிந்து சம்பந்தியின் விலாவில் இடித்தது. உள்ளங்கை தரையைப் பார்த்தபடியே நடுங்க, சோறு மொத்தமும் வேட்டியில் கொட்டியது. ரசம் ஊற்ற வந்தவன் ஊற்றியபடியே நின்றுவிட்டான். ரசம் இலையைத் தாண்டி, பாயைத் தாண்டி, வாசலில் கிடந்த மாப்பிள்ளை வீட்டார் செருப்புவரை போய்விட்டது.

வைரவநாதன் வாளியைப் போட்டார். இலைகளைத் தாண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, கோட்டைச்சாமியின் கையைப் பிடித்து, சோற்றை அள்ள வைத்து, வாயில் கொண்டுபோய் வைத்தார்.

"ம்... சாப்பிடுங்க அண்ணாச்சி. வருது பாருங்க, வருது."

கோட்டைச்சாமி மெல்லவில்லை. வாயில் சோற்றோடு அப்படியே எழுந்து போனார்.

கை கழுவும் இடத்தில்தான் பேசினார்.

"சிந்துனதுகூடப் பரவாயில்லய்யா. சம்பந்தி முன்னால என்னைப் பால்குடிப் பிள்ளையாக்கிட்டியே."

"அண்ணாச்சி..."

"கல்யாணத்துக்கு நான் வரலை. என் தம்பி தாரை வார்த்துக் குடுக்கட்டும். நீ போயிடு."

வைரவநாதன் கொல்லைப்புற வழியாக வெளியேறினார். எதிரே வந்த மாட்டைக்கூட நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் பூரணத்தம்மாளே கோட்டைச்சாமி வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால், தலையைத் தொங்கப்போட்டபடி சீடர்.

"இந்த ஆளு எதுக்கு?" என்றார் கோட்டைச்சாமி.

"சாப்பிட வந்திருக்காரு. நானும்தான். இலை போடச் சொல்லுங்க."

வீடு தேடி வந்து சோறு கேட்பவளை என்ன செய்வது? மூன்று இலை விழுந்தது.

"மொதல்ல ரெண்டு பேரும் வலது கையை நீட்டுங்க."

நீட்டினார்கள். கோட்டைச்சாமியின் முன்கை முருங்கைக்காய்போல இருந்தது. பக்கத்தில் வைரவநாதனுடையது உலக்கைபோலத் திரண்டு கிடந்தது. மிகையாகச் சொல்லவில்லை, சட்டைக்கையை வெட்டிப் பெரிதாகத் தைத்துப் போட்டிருந்தார் மனுஷன்.

"இதுல யாருக்கு அண்ணே வைத்தியம் நடந்திருக்கு?"

வைரவநாதன் கையை இழுத்துக்கொண்டார்.

"அதை உங்க தொடைக்கு அடியில வைங்க. இன்னொண்ணையும் வைங்க. வச்சு உட்காருங்க."

உட்கார்ந்தார்.

அவள் ஒரு துண்டை மடித்துக் கோட்டைச்சாமியின் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் செருகினாள்.

"இது விழக்கூடாது. இப்போ சாப்பிடுங்க."

கை கிளம்பியது. நின்றது. தோள் எழும்பியது, துண்டு விழுந்தது. சோறும் விழுந்தது.

அவள் துண்டை எடுத்து மறுபடி செருகினாள்.

"அண்ணே, எந்த இடத்துல நிக்குது?"

தொடைக்கடியில் விரல்கள் துடித்தன. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் வைரவநாதன் பார்த்தார்.

"முழங்கை மடங்குது... விரலு நல்லா கூடுது..." அவர் குரல் இறங்கியது. "முன்கை திரும்பலைம்மா. உள்ளங்கை மேலே பார்க்க மாட்டேங்குது. அதுக்குத்தான் தோளைத் தூக்குறாரு."

"எத்தனை நாளா?"

"தெரியலை."

"தினமும் நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?"

அவர் காது மடல் சிவந்தது. முன்கை திரும்பவேண்டிய அந்த இடத்தில்தான் ஒவ்வொரு நாளும் அவர் விரல்கள் தாங்கி நின்றன.

கோட்டைச்சாமி தன் கையையே முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பலைங்கிறதை யாரும் எங்கிட்டச் சொல்லலையே," என்றார்.

"தோளை விட்டுடுங்க," என்றாள் பூரணத்தம்மாள். "முன்கையை மட்டும். எம்புட்டு வருதோ அம்புட்டு."

அவர் முயன்றார். கொட்டியது. முயன்றார். கொட்டியது. குழம்பு ஆறி ஆடை கட்டியது. இலையைச் சுற்றிப் பருக்கைகள் இறைந்து கிடந்தன. மகள் அடுக்களைக் கதவோரம் வந்து நின்றாள். அவர் அவளைப் போகச் சொல்ல வாயெடுத்தார், பிறகு சொல்லவில்லை. நெற்றி வியர்வை புருவத்தில் வந்து நின்றது.

வைரவநாதனின் கைகள் மரத்துப்போயின. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அம்மா, ஒரே ஒரு விரல் குடுத்துக்கிறேன். அவரு படுற பாட்டை என்னால பார்க்க முடியலை."

"உங்களால பார்க்க முடியலைங்கிறதுக்காகத்தான், அவரு கையை இத்தனை நாளும் அவரே பார்க்க விடாம வச்சிருந்தீங்களா அண்ணே?"

வைரவநாதன் கண்ணைத் திறந்தார்.

இது நடந்த கதை. வேண்டுமானால் ஊரெல்லாம் சொல்லுங்கள். சொன்னது நான்தான் என்று மட்டும் வாய் திறந்துவிடாதீர்கள். பந்தியில் நடந்ததை வெளியே விட்டது யாரென்று கோட்டைச்சாமி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கை இப்போது நன்றாகவே ஓங்குகிறதாம்.