மாஸ்டர் மடக்கிய கால்

ஆறுமுகநயினாருக்கு ஐம்பத்தாறு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் நிலை வந்தது. அவருடைய முட்டை வேனை ஒன்பது வருடம் ஓட்டியவன், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மைத்துனரின் போட்டி முட்டைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து நயினார் அவன் பெயரை வாயால் சொல்வதில்லை. மைத்துனர் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வாடிக்கைக்காரர்களும் ஒவ்வொருவராக மைத்துனர் பக்கம் போனார்கள்.

கற்றுக்கொடுத்தவள் ஜெபக்கனி. வயது இருபத்தேழு. டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார். அந்தப் பயிற்சி வண்டியில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்கிறவர் தடுமாறினால் அவள் மிதித்துக்கொள்வாள்.

இஞ்சின் அணைந்துபோகும்போதெல்லாம் நயினார் அவள் பக்கம் திரும்பி, "நீங்க பிரேக்கை மிதிச்சிட்டீங்க, மாஸ்டர்" என்பார்.

"மறுபடி எடுங்க, அண்ணாச்சி" என்பாள். ஐந்து மாதமாக இதுதான் பேச்சு. ஒரு தடவைகூட அவள் குரல் உயரவில்லை. ஒரு தடவையாவது திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

லைசென்ஸ் டெஸ்ட்டில் இரண்டு தடவை தோற்றார். இரண்டும் மேட்டில். நிற்கும் வண்டியைப் பின்னால் உருளவிடாமல் மேலே ஏற்றிக் காட்ட வேண்டும். முதல் தடவை மாஸ்டரின் கால் கெடுத்தது என்றார். இரண்டாம் தடவை இன்ஸ்பெக்டர் முறைத்தார் என்றார். இருவரையும் மனதில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் தடவை போன அன்று, அவருடைய எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், முடிய ஒரு நாள்தான் பாக்கி. தவறினால் எல்லாம் முதலிலிருந்து. மிச்சமிருந்த ஒரே வாடிக்கையான கல்லூரி விடுதியும், திங்கட்கிழமை முட்டை வந்து இறங்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டது.

வழியில் அவர் கேட்டார்: "மத்த மாஸ்டருங்க டெஸ்ட்ல கால் கொடுத்து ஏத்தி விடுதாங்க. நீங்க மட்டும் ஏன் செய்ய மாட்டேங்கீங்க?"

ஜெபக்கனி சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "சரி. இன்னைக்கு என் கால் உங்களுக்கு உதவும்."

நயினாருக்கு உயிர் வந்தது.

இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் ஏறினார். வண்டி மேட்டுக்கு வந்து நின்றது; பின்னால் ஒரு சுவர். அப்போது ஜெபக்கனி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா, பந்தியில உக்காந்த மாதிரி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இப்படியே இருக்கேன் சார்."

இவளும் தன்னைக் கைவிட்ட கூட்டம்தானா என்று நினைத்தபடியே நயினார் கிளட்சிலிருந்து காலை எடுத்தார். இஞ்சின் அணைந்தது. வண்டி ஒரு சாண் பின்னால் போயிற்று. பிரேக்கை அழுத்திக்கொண்டு, பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க..."

மடித்த முழங்கால்கள் இரண்டும் அவர் கண்ணுக்கு நேரே இருந்தன. பாதங்கள் புடவைக்குள் இருந்தன. அவள் முன்கண்ணாடி வழியே மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நயினார் முகத்தைத் திருப்பினார். தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"இன்னொரு தடவை எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

கை பிரேக்கை இழுத்தார். இஞ்சினைக் கிளப்பினார். கிளட்சை மெல்ல, மெல்ல விட்டார். வண்டியின் மூக்கு நடுங்கியது. அந்த நடுக்கம் தன் குதிகாலில் ஏறுவதை அவர் முதல்முறையாக உணர்ந்தார். கை பிரேக்கைத் தளர்த்தினார். வண்டி ஏறியது.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

ஜெபக்கனி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நயினார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"மாஸ்டர், வண்டி உருண்டு பின்னால இருந்த சுவர்ல மோதியிருந்தா?"

"நானும் உள்ளதானே இருந்தேன், அண்ணாச்சி."