வாழ்த்துக்காகக் காத்திருந்த பெட்டி

மூங்கில் காட்டு ஆற்றங்கரையில் தாழை என்றொரு கீரி இருந்தாள். மனிதர்கள் தூக்கி எறிந்த கம்பி, தகடு, சில்லு எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, அவள் ஒரு சின்னப் பெட்டி செய்தாள்.

பெட்டிக்கு ஒரே வேலைதான். ஆற்றில் மிதக்கும் தக்கையைக் கவனிக்க வேண்டும். தக்கை உயர்ந்தால் ஊதல் ஊத வேண்டும். ஊதல் கேட்டால் தாழ்கரையில் குடியிருப்பவர்கள் மேட்டுக்கு ஓடிவிடலாம். போன மழைக்கு அப்படி ஓடத் தெரியாமல் எத்தனையோ குஞ்சுகள் செத்துப் போயின.

பெட்டி வெயிலைத் தின்று உயிர் வாழ்வது. மேகம் மூடினால் மயங்கி விழும். கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். மழை நாள் என்றாலே மேகம் மூடும் நாள்தானே? பெட்டி அவசியமாகத் தேவைப்படும் நாளில்தான் அது மயங்கி மயங்கி விழிக்கும். அதனால் பெட்டி எப்படி விழிக்க வேண்டும் என்பதற்குத்தான் தாழை ரொம்பவும் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

கண் திறந்ததும் தண்ணீரைப் பார். அடுத்து ஊதலைத் தொட்டுப் பார். மற்றதெல்லாம் அப்புறம். இதுதான் அவள் அதற்குச் சொல்லிக் கொடுத்த வரிசை.

பெட்டியின் வயிறும் சின்னது. நிறைய வேலைகளை அதற்குள் திணிக்க முடியாது. மழை எவ்வளவு, காற்று எப்படி என்று சொல்லும் வேலைகளைத் தனித்தனி மூட்டையாகக் கட்டி, மலை உச்சி ஆலமரத்தில் தானே செய்து மாட்டியிருந்த பெரிய பெட்டியில் வைத்தாள். சின்னப் பெட்டி ஓய்வாக இருக்கும்போது ஒவ்வொரு மூட்டையாகக் காற்று வழியே கூப்பிட்டுக்கொள்ளும். வேலை முடிந்ததும் இறக்கி வைத்துவிடும்.

தாழையின் வளையும் தாழ்கரையில்தான் இருந்தது. உள்ளே அப்போதுதான் கண் திறந்த குட்டிகள். பக்கத்துப் புதரில் புள்ளி என்ற காடை முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். கீரிக்குப் பக்கத்து வீட்டில் காடையா என்று சிரிக்காதீர்கள். புள்ளியின் முட்டைகளைத் தொடுவதில்லை என்று தாழை வாக்குக் கொடுத்திருந்தாள், அதைக் காப்பாற்றியும் வந்தாள்.

பெட்டியின் திறப்பு விழாவுக்குக் காட்டின் தலைவர் கரடியார் வந்தார். கூடவே அவருடைய செயலாளர் நரியும் வந்தது. தாழை பெட்டியை எழுப்பினாள். அது கண்ணிமைக்கும் நேரத்தில் விழித்துத் தண்ணீரைப் பார்த்தது, பீப் என்று ஒருமுறை ஊதிக் காட்டியது. விலங்குகள் எல்லாம் ஆரவாரம் செய்தன. கரடியாரின் முகம் மட்டும் உப்பிப் போயிற்று.

நரிக்கு அது போதுமே! "என்ன தாழையம்மா, தலைவர் பேரைக்கூடச் சொல்லாம எந்திரிக்குது?" என்றது.

ஒரு விழா எப்படி நடக்குமோ அப்படித்தான் பெட்டியும் விழிக்க வேண்டுமாம். முதலில் தலைவர் வாழ்த்து, அடுத்து வரவேற்புரை, அப்புறம் பொன்னாடை, அதற்குப் பிறகு தண்ணீரைப் பார்ப்பதாம். தலைவர் வராமல் எந்தக் கூட்டமாவது தொடங்கியதுண்டா என்று நரி கேட்டது. கரடியார் தாடியைத் தடவிக்கொண்டார்.

இத்தனையும் அதன் வயிற்றுக்குள் அடங்காது என்று தாழை சொல்லிப் பார்த்தாள். அடங்காவிட்டால் மலை உச்சியிலிருந்து கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்றது நரி.

"கூப்பிட்டும் வரலேன்னா?"

"தலைவர் வாழ்த்து வராம போகுமா? வர்ற வரைக்கும் காத்திருக்கட்டும்."

முடியாது என்றாள் தாழை. அப்படியானால் என் ஆற்றிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போ என்றார் கரடியார். பெட்டியே இல்லாமல் போவதைவிட இது மேல் என்று நினைத்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். நரி வாழ்த்தை மலை உச்சிப் பெட்டியில் வைத்துவிட்டு, தன் நிகழ்ச்சி நிரலை மட்டும் ஒரு சில்லில் ஏற்றி, சின்னப் பெட்டியின் விலாவில் சொருகிவிட்டுப் போயிற்று.

சில நாள் கழித்து ஒரு நண்பகலில் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி விழுந்து உச்சி ஆலமரம் இரண்டாகப் பிளந்தது. பெரிய பெட்டி கருகிப் போயிற்று. கீழே மேகம் மூடியதில் சின்னப் பெட்டி மயங்கியது. சற்று வெளுத்ததும் விழித்துக்கொண்டது.

மேட்டில் இரை தேடிக்கொண்டிருந்த தாழை ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகும் நுரையுமாக வந்துகொண்டிருந்தது. தக்கை ஒரு முழம் ஏறியிருந்தது. ஊதல் ஊதவே இல்லை.

அவள் விழுந்தடித்து ஓடினாள். பெட்டியின் முகத்தில் எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. தலைவர் வாழ்த்து வந்துகொண்டிருக்கிறது, காத்திருக்கவும்.

பக்கத்தில் தேக்கிலையைத் தலைக்குப் பிடித்தபடி நரி நின்றது. "கொஞ்சம் பொறுங்க, வந்துடும்," என்றது.

தாழை தன் வளைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வளைக்கு ஓடினால் குட்டிகளைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் தாழ்கரை முழுக்க மதிய உறக்கத்தில் கிடக்கிறதே! அவள் பெட்டியின் மேல் பாய்ந்து, நரி சொருகிய சில்லைப் பல்லால் கடித்துப் பிடுங்கி மேட்டுப் பக்கம் எறிந்தாள். பெட்டி ஒருமுறை அணைந்து விழித்தது. தண்ணீரைப் பார்த்தது. அலறியது.

தாழ்கரை எழுந்து ஓடியது. தாழை வளைக்குள் பாய்ந்தபோது தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டில் சேர்த்தாள். கடைசிக் குட்டியைக் கொண்டுவரும்போது வளை இருந்த இடம் தெரியவில்லை. புள்ளியின் புதரும் தெரியவில்லை.

காடையால் முட்டையைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியுமா? உருட்டி உருட்டிப் பாதி வழி கொண்டுவந்ததையும் வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. நனைந்த இறகோடு அவள் தாழையின் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் முன்னாடி ஊதியிருந்தா எல்லாத்தையும் உருட்டிக் கொண்டாந்திருப்பேன். ஏன் ஊதல?"

தாழை மேட்டில் கிடந்த சில்லை எடுத்து அவளிடம் காட்டினாள்.

கழுத்துவரை சேறோடு கரடியார் வந்து சேர்ந்தார். ஆற்றோரக் குகையில் தேன் குடித்துவிட்டுத் தூங்கியவர், ஊதல் கேட்டு எழுந்து தப்பியிருந்தார். நரி கூட்டத்தின் நடுவே போய்த் தொண்டையைச் செருமியது. இனிமேல் பெட்டி விழித்ததும் முதலில் காடை முட்டைகளுக்கு இரங்கல் தெரிவிக்குமாம். அப்புறம்தான் தலைவர் வாழ்த்தாம்.

தாழை அந்தச் சில்லை நரியின் கண் முன்னாலேயே வெள்ளத்தில் வீசினாள்.

"வெட்கமா இல்ல உனக்கு? செத்ததுங்களையும் வரிசையில நிக்க வச்சு அடுத்த சாவுக்கு வழி பண்றியா?" என்றாள். பிறகு கரடியார் பக்கம் திரும்பினாள். "தலைவரே, இன்னைக்கு உங்களை எழுப்பினது உங்க வாழ்த்து இல்ல. அது வர்ற வரைக்கும் இந்தப் பெட்டி காத்திருந்தா, அதைக் கேட்க நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

நரி கரடியாரின் முகத்தைப் பார்த்தது. கரடியார் புள்ளியைப் பார்த்தார். அவள் வெறும் தரையில், முட்டைகள் மேல் உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பெட்டியைத் தாழையின் இஷ்டப்படியே விடச் சொன்னார்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டி விழித்ததும் முதலில் தண்ணீரைத்தான் பார்க்கிறது, வராத மூட்டைக்காக ஒரு நொடியும் நிற்பதில்லை. புள்ளி மட்டும் அந்தக் கரைக்குத் திரும்பி வரவே இல்லை.

உயிரைக் காக்கும் வேலைக்கு முன்னால் எவருடைய மரியாதையையும் வரிசையில் நிறுத்தக் கூடாது.