பாதை போட்ட கட்டை

காட்டில், வற்றிப்போன குளத்தின் கரையில் ஒரு கறையான் புற்று இருந்தது. மழைக்கு முன் குஞ்சுகளுக்கு இரை சேர்த்தாக வேண்டும். குளத்துச் சேற்றில் பெரிய கட்டை ஒன்று புதைந்திருப்பதாகத் தகவல் வந்தது.

கறையான்களுக்குக் கண் தெரியாது. தலைவன் செந்தலையன் கட்டையைத் தடவிப் பார்த்தது. பட்டை இருந்தது, கணு இருந்தது, வயது காட்டும் வளையங்களும் இருந்தன. நல்ல மரம் என்றது. இருபது நாள் பாடுபட்டுக் கட்டை வரை மண்பாதை போட்டன.

முதல் கடியிலேயே நறுக்கி என்ற வேலைக்காரக் கறையானின் தாடை முனை உடைந்தது.

"அண்ணே, இது மரமில்லை."

"உன் தாடை போச்சுன்னா மரம் என்ன செய்யும்?" என்றது செந்தலையன்.

மற்றவை சிரித்தன. ஒரு வாரத்தில் அவற்றின் தாடைகளும் தேய்ந்தன. பாதை போட்ட மரத்தை விட்டு வரக்கூடாது என்பது புற்றின் வழக்கம். அதனால் கடித்துக்கொண்டே இருந்தன.

அந்தப் பக்கமாக வந்த மண்புழுவிடம் நறுக்கி விசாரித்தது. முன்னொரு காலத்தில் அது மரமாகத்தான் இருந்ததாம். எரிமலைச் சாம்பல் மூடியதில் காற்றுப் படாமல், மக்காமல் கிடந்ததாம். சாம்பலில் ஊறிய தண்ணீர் கல்லின் சத்தைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, மரம் துளித்துளியாகக் கரைந்த இடத்தில் கல்லைத் துளித்துளியாக வைத்ததாம். லட்சக்கணக்கான வருஷ வேலை. வளையம்கூட மாறவில்லை.

"இந்த மணிக்கல்லை ஓப்பல்னு சொல்றாங்க. வெயில் பட்டா பச்சையும் சிவப்புமா மினுங்குமாம். எனக்கும் கண் கிடையாது" என்றது மண்புழு. மேட்டில் ஓர் இலுப்பைக் கிளை மக்கிக் கிடப்பதையும் சொல்லிவிட்டு நகர்ந்தது.

நறுக்கி திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னது. செந்தலையன் மண்பாதையைத் தடவிப் பார்த்தது.

"இருபது நாள் போட்ட பாதை. விட்டுட்டுப் போனா வீணாயிடாதா?"

"இங்கேயே இருந்தாலும் வீண்தான், அண்ணே."

செந்தலையன் மறுபடி கட்டையில் வாய் வைத்தது. சில கறையான்கள் மட்டும் நறுக்கியோடு இலுப்பைக் கிளைக்குப் போயின.

நான்காம் நாள் மழை வந்தது. கிளையிலிருந்து கொண்டுவந்த இரை பாதிக் குஞ்சுகளுக்குத்தான் போதுமாக இருந்தது. மீதிப் பாதி பிழைக்கவில்லை. மண்பாதையும் கரைந்துபோனது. சேறு கழுவப்பட்ட கட்டை, மழை விட்டதும் வெயிலில் மினுங்கியது. அதைப் பார்க்க அங்கே யாருக்கும் கண் இல்லை.

தவறென்று தெரிந்த பின்னும் அதுவரை பட்ட பாட்டை எண்ணி விட மறுப்பவர், இனிக் காப்பாற்றக்கூடியதையும் இழப்பார்.